பூண்டி அகழ்வைப்பகமும் மண்ணின் பேரேடும்

பழம்பொருள்களைக் காண வேண்டுமாயின் எழும்பூர் அரும்பொருட் காட்சிசாலைக்குச் செல்லவேண்டும். பழைய இடிபாடுகளைக் காண வேண்டுமாயின் மாமல்லபுரத்துக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ பிரயாணம் செய்யவேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வாழும் நம்மவர்களிற் பலர் இவ்வாறே எண்ணியிருக்கிறார்கள். உண்மையில், இவ்விரண்டையும் ஒருங்கே காணத்தக்க இடமொன்று நமது வட்டாரத்துக்கு அணித்தே இருக்கிறது. அது பூண்டி. அவ்வூரிலுள்ள சிறிய அகழ்வைப்பகத்தைப்பற்றியும், அதைக் கண்டு திரும்பும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்திற்கொள்ள வேண்டிய ஒரு கடமையைப்பற்றியும் இங்கு விளக்க விரும்புகிறோம்.

ஊரும் ஏரியும்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ஆகிய நிலையங்களைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் திருவள்ளூரை அடையலாம். பூவிருந்தவல்லி அன்பர்கள் திருமழிசை வழியாகப் பஸ்ஸில் வரலாம். திருவள்ளூரிலிருந்து பூண்டி சுமார் 12 கி.மீ. தூரத்தில் உள்ளது.

பூண்டி என்றதும் யாவர்க்கும் நினைவுக்கு வருவது நீர்த்தேக்கமே. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் இது கட்டி முடிக்கப்பெற்றது. சென்னை மேயராக இருந்து இத்திட்டத்துக்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டிலேயே காலமானார். அவர் பெயரால் இது சத்தியமூர்த்தி சாகரம் என வழங்குகிறது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. கிருஷ்ணா நதி நீர் கண்டலேறுவிலிருந்து கால்வாய் வழியாக 1996-ஆம் ஆண்டில் முதன்முதலாக இங்கு வந்து சேர்ந்தது. சென்னை நகரத்தார் பருகும் நீரில் ஒரு பகுதி இவ்வூர் வழியே செல்கிறது என்பதை நாம் அறிவோம். ஆயின் இந்த நீர்த்தேக்கத்தின் அருகிலேயே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985-ஆம் ஆண்டில் நிறுவிய அகழ்வைப்பகம் ஒன்று இருப்பதை, ஏரியைப் பார்க்க வந்தவர்களிற்கூடப் பலர் அறியார். அகழ்ந்தெடுத்த பொருள்களை, அவை கிடைத்த இடத்துக்கு அருகிலேயே வைத்துக் காட்டும் சாலைக்கு அகழ்வைப்பகம் என்று பெயர்.

இடிபாடு எங்கே?

அகழ்வைப்பகத்தினுள் நுழைவோருக்கு முதலில் சிறிது ஏமாற்றம் தோன்றக்கூடும். இங்குப் பொற்காசு இல்லை. செப்புத் திருமேனிகளின் அணிவகுப்பும் இல்லை. கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் கற்கள். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், உள்ளங்கையளவு, சில அதனினும் பெரியனவாக அவை உள்ளன. நாம் சென்றிருந்த அன்று ஒரு குடும்பத்தார் உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘எல்லாம் கல்லாகத்தானே இருக்கிறது’ என்று கூறிக்கொண்டே வெளியே சென்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அக்கற்கள் பேசும் மொழி தெரியாவிடின் அவை வெறுங் கற்களே.

‘பழைய இடிபாடுகள் இங்கு எங்கே?’ என்றும் சிலர் வினவுவர். மதிற்சுவரோ கோபுரமோ இவ்வட்டாரத்தின் இடிபாடு அன்று. பூண்டிக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தின் ஓடைக்கரை மண்ணும், அல்லிக்குழி மலைத்தொடரில் குடியத்துப் பாறைக் குகைகளுமே இங்குள்ள பழம்பதிகள். குடியம் குகைகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1962 முதல் 1964 வரை அகழ்ந்து பார்த்தனர். சுவர் எழுப்பும் வழக்கமே உலகில் தோன்றாத காலத்தில் இங்கு மனிதர் வாழ்ந்தனர். ஆகவே, அவர்கள் விட்டுச் சென்ற இடிபாடு மண்ணுக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு அது புல் முளைத்த மேட்டு நிலமாகவே தோன்றும்.

1863-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது

இம்மண்ணின் பெருமை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-ஆம் ஆண்டில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றி வந்தார். பாறைகளையும் கனிப்பொருள்களையும் ஆராய்வதே அவரது உத்தியோகம். அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் தேசத்தில் சோம் ஆற்றங்கரையில் பூஷே த பெர்த் என்பவர், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து மனிதன் செதுக்கிய கற்களும் கிடைப்பதாகப் பல ஆண்டுகளாகக் கூறிவந்தார். அறிஞர்கள் அதை நம்பவில்லை. 1859-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சிலர் நேரிற் சென்று பார்த்து, அவர் கூறியது மெய்யே என ஒப்புக்கொண்டனர். மனித குலத்தின் தொன்மை சில ஆயிரம் ஆண்டுகளோடு முடிந்துவிடுவதன்று என்பது அப்போதுதான் உலகுக்கு உறுதியாயிற்று.

அச்செய்தியை அறிந்திருந்த ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி பல்லாவரத்தில், சரளை மண்ணுக்காக வெட்டிய ஒரு சிறு குழியின் அருகே நின்றார். வெளியே வாரிக் கொட்டியிருந்த மண்ணில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. இந்தியாவில் முறையாக அடையாளங் காணப்பட்ட முதற் பழங்கற்காலக் கருவி அதுவே. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவரும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்தனர். பல்லாவரத்தில் ஒன்றாகக் கிடைத்தது அங்கே ஏராளமாகக் கிடைத்தது. பிற்காலத்தில் இவ்வகைக் கருவிகளை அறிஞர்கள் ‘மதராஸ் பண்பாடு’ என்றே பெயரிட்டு அழைக்கலாயினர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சரளைக்குழியை வெட்டிய கூலியாளர்கள் அந்தக் கல்லை ஃபூட்டுக்கு முன்னரே பார்த்திருப்பர். மண்வெட்டியால் எடுத்து எறிந்தவர்களும் அவர்களே. அதைக் கல்லாகப் பார்க்காமல் கருவியாகப் பார்க்கும் பயிற்சி ஒருவரிடம் மட்டும் இருந்தது. அவர் அன்று அவ்வழியே வராதிருப்பின் அக்கல் சாலைக்கு அடியிற் போயிருக்கும்.

கல் கருவியான விதம்

பேழையிலுள்ள கைக்கோடரி ஒன்றைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். ஒரு முனை கூர்மை, மறுமுனை பருமன், பக்கங்கள் இரண்டும் ஒத்த வளைவு. ஏறத்தாழப் பேரிக்காயை நடுவே தட்டையாக்கியது போன்ற வடிவம். அல்லிக்குழி மலைப்பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லே இதன் மூலப்பொருள். ஒரு கல்லைக் கையிற் பிடித்து, மற்றொரு கல்லைச் சுத்தியலாகக் கொண்டு ஓரத்தில் அடித்தால் ஒரு சில்லு பெயரும். கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் அடித்தால் மற்றொரு சில்லு பெயரும். இவ்வாறு இரு முகங்களிலும் மாறி மாறிச் சில்லெடுத்தால் இடையில் கூரிய விளிம்பு உண்டாகும். ஓர் அடி பிழைத்தால் கல் இரண்டாகும். அதுவரை செய்த வேலையும் வீணாகும்.

தறியில் உட்காருமுன்னரே சேலையின் உடல் எவ்வளவு, கரை எவ்வளவு, முந்தானை எங்கே தொடங்கும் என்பது நெசவாளியின் மனத்தில் அமைந்திருக்கும். அதுபோலவே இக்கருவியைச் செய்தவன் மனத்திலும் முடிவான வடிவம் முதலிலேயே இருந்திருக்க வேண்டும். அன்றேல் இரு பக்கமும் இவ்வாறு ஒத்து அமையா. விலங்கின் தோலை உரிக்கவும், இறைச்சியை அறுக்கவும், மரத்தைச் சீவவும் இவை பயன்பட்டன. பிரான்ஸில் அமியேன் நகரை அடுத்த சேன்ட் அச்சூல் என்னுமிடத்தில் இவ்வகைக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தமையால் உலக அறிஞர்கள் இவற்றை ‘அச்சூலியன்’ கருவிகள் என்பர். அந்த அமியேன் பின்னாளில் நெசவுத் தொழிலால் பெயர் பெற்ற நகரம் என்பதை நம் நெசவாள அன்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

மண்ணே பேரேடு

இக்கருவிகள் எத்தனை ஆண்டுப் பழமை உடையன? இவ்வினாவுக்கு விடை கல்லில் மட்டும் இல்லை; கல் கிடந்த மண்ணில் இருக்கிறது. இதுவே நாம் முக்கியமாக விளக்க விரும்பும் செய்தி.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு இதை எளிதில் விளக்கக்கூடிய உவமை கையிலேயே உள்ளது. ஒரு சங்கத்தில் நாட்குறிப்பேடு, பேரேடு, ரசீதுப் புத்தகம் ஆகியவை உள்ளன. நூறு ரூபாய் ரசீது ஒன்று, தேதியும் எண்ணும் கிழிந்த நிலையில், மேஜையின் மேல் தனியே கிடப்பதாகக் கொள்வோம். பணம் யாரோ கட்டியிருக்கிறார் என்பதற்கு மேல் அதனால் எதுவும் தெரியாது. அதே ரசீது புத்தகத்தில் தன் இடத்தில் இருந்தால், முன் ரசீது எது, பின் ரசீது எது, எந்நாள், யார், எக்கணக்கில் என்பன யாவும் விளங்கும். மண்ணும் அத்தகைய புத்தகமே. ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொணர்ந்து ஓர் ஏட்டின்மேல் ஓர் ஏடாக அடுக்குகிறது. அடியில் உள்ளது பழைய ஏடு. மேலுள்ளது புதிய ஏடு. ஒவ்வோர் ஏட்டிலும் அவ்வக் காலத்து மனிதன் விட்டுச் சென்ற பொருள் ஒரு பதிவாகக் கிடக்கிறது. இடம் மாறாத வரையில் அது சாட்சி; எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டால் தேதி கிழிந்த ரசீது.

அத்திரம்பாக்கத்தில் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999-ஆம் ஆண்டு முதல் இந்தப் புத்தகத்தை ஏடு ஏடாகப் புரட்டி வந்தனர். ஒவ்வொரு கல்லும் எந்த ஆழத்தில், எந்தப் படிவில் கிடந்தது என்பது குறிக்கப்பெற்றது. அடியிலிருந்த களிமண் படிவில் கைக்கோடரிகளும் பிறவுமாக 3,528 கற்பொருள்கள் கிடைத்தன. அவற்றோடு விலங்குகளின் பற்கள் மூன்றும், ஈரமண்ணில் பதிந்து இறுகிய குளம்புத் தடங்களும் காணப்பட்டன. தண்ணீர் குடிக்க விலங்கு வந்த தடமும், அங்கே மனிதன் இட்ட கருவியும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன.

ஆண்டைக் கணித்த முறையும் கணக்கர்கள் ரசிக்கத்தக்கது. வானவெளியிலிருந்து அண்டக் கதிர்கள் இடையறாது பூமியின்மேல் விழுகின்றன. தரையின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லிலுள்ள குவார்ட்ஸ் மணிகளில் அக்கதிர்கள் அலுமினியம்–26, பெரிலியம்–10 என்னும் இருவகை அணுக்களைச் சிறிது சிறிதாக உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் புதிய வரவு நின்றுவிடும்; இருப்பு மட்டும் சிதைந்து குறைந்துகொண்டே வரும். அலுமினியம்–26 சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம்–10 பாதியாவதற்குச் சுமார் 14 லட்சம் ஆண்டுகள் செல்லும். ஒரே நாளில் வாங்கிய இரு கடன்களில் ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் அடைபட்டு வருமாயின், இன்றைய நிலுவைகள் இரண்டையும் ஒப்பிட்டே கடன் வாங்கிய நாளைக் கண்டுவிடலாம் அல்லவா? அதுவே இம்முறை. பிரெஞ்சு விஞ்ஞானிகளின் துணையுடன் செய்த இக்கணிப்பின்படி இக்கருவிகளின் வயது சராசரி 15 லட்சம் ஆண்டுகள். இது 2011-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் உலகப் புகழ் பெற்ற சஞ்சிகையில் வெளியாயிற்று. மண் படிவில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையைக் கொண்டு தனியே செய்த சோதனையும், எவ்வாற்றானும் 10 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்று உறுதி செய்தது.

நம்மைப் போன்ற மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. ஆகவே, அத்திரம்பாக்கத்தில் அமர்ந்து கல் செதுக்கியவர் நமக்கு முற்பட்ட வேறு மனித இனத்தார் என்பது தெளிவு.

மேலேயுள்ள ஏடுகளில் கணக்கு தொடர்கிறது. அங்குக் கிடைத்த 7,261 கற்பொருள்களை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். மண்துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்பதை அளக்கும் முறையால் அவற்றின் காலம் 3,85,000 ஆண்டுகளுக்கும் 1,72,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது எனத் தெரிந்தது. அக்காலத்தில் பெரிய கைக்கோடரிகள் குறைகின்றன. சிறிய கருவிகள் பெருகுகின்றன. தாய்க்கல்லை முதலில் திட்டமிட்டு ஒழுங்கு செய்துகொண்டு, பின்னர் வேண்டிய வடிவிலேயே சில்லைப் பெயர்த்தெடுக்கும் புதிய முறை தோன்றுகிறது. இத்தகைய மாற்றம் இந்தியாவில் இவ்வளவு முற்காலத்தில் நிகழ்ந்திருக்கும் என்று அதுவரை பலர் கருதவில்லை. உலக வரலாற்றின் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதச் செய்த மண் நம் திருவள்ளூர் மாவட்டத்து மண் என்பது நமக்குப் பெருமையே.

நெல்லும் நூலும்

‘கற்காலத்தால் விவசாயிக்கும் நெசவாளிக்கும் என்ன?’ என்று கேட்கலாம். வேட்டையாடிக் காய்கனி தேடி உண்டவர்களின் காலம் அது. ஏரும் இல்லை, தறியும் இல்லை. ஆயின் பேரேடு அங்கே முடிந்துவிடவில்லை. அதே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், திருவள்ளூருக்கு அருகே பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 2016-ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, கற்கருவிகளோடு அதற்கு மிகப் பிற்பட்ட காலத்துக் கறுப்பு சிவப்புப் பானையோடுகளும், சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைகிணறும் வெளிப்பட்டன. வேட்டையாடியவனின் மண்ணிலேயே பின்னர் கிணறு தோண்டிக் குடியிருந்தவனும் வந்து சேர்ந்தான்.

தெற்கே, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று சோதனையில் தெரியவந்ததை 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. சிவகங்கை மாவட்டம் கீழடியில், நூல் நூற்கும் தக்களிக்கு உரிய சுட்ட மண் வில்லைகளும், நெசவுக்குப் பயன்பட்டவை எனக் கருதப்படும் கூர்மையான எலும்புக் கருவிகளும் கிடைத்துள்ளன. அவற்றைக் கீழடியில் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறந்த அருங்காட்சியகத்தில் காணலாம்.

துணி மண்ணில் தங்காது. நமது வெப்பத்திலும் மழையிலும் பஞ்சு நூல் சில ஆண்டுகளில் மக்கிவிடும். ஆகவே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நூல் நூற்றார்கள் என்பதற்கு எஞ்சும் சாட்சி பெரும்பாலும் நடுவில் துளையுள்ள ஒரு மண் வில்லையே. உழவனுக்கு எஞ்சும் சாட்சி ஒரு பிடி உமி. அரசர்கள் தம் செயலைக் கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்தார்கள். உழுதவனும் நெய்தவனும் விட்டுச் சென்றவை இவையே. சந்தையில் இவற்றுக்குக் காலணாவும் பெறாது. பொன் கிடைத்தால் ஒளிக்கிறோம்; ஓடு கிடைத்தால் எறிகிறோம். இரண்டு வகையிலும் கணக்கு அழிந்துபோகிறது. அவற்றுள் எறியப்படுவது பெரும்பாலும் நம் முன்னோர் கணக்கே.

நாம் செய்த தவறு

இதைப் பிறருக்கு உபதேசமாகக் கூற நமக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்து ஊர் ஒன்றில் சங்கக் கணக்கைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோம். சங்கக் கிடங்குக்கு அஸ்திவாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியத்தில் மேஸ்திரி வந்து, “ஐயா, உள்ளே ஒரே பானை ஓடாக வருதுங்க, வளையம் மாதிரியும் ஒண்ணு வருது” என்றார். சங்கத் தலைவர் நம்மைப் பார்த்தார். அன்று மாலைக்குள் நிலுவைப் பட்டியலை முடிக்க வேண்டியிருந்தது. “ஓடுதானே, வேலை நடக்கட்டும்” என்றோம். அவ்வளவே. தலையைக்கூட நிமிர்த்திப் பார்த்ததாக நினைவில்லை. மாலையில் புறப்படும்போது, வாரிக் கொட்டிய மண்ணில் உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருந்த ஓடுகள் குவிந்து கிடந்தன. ஒரு சிறுவன் துளையிட்ட மண் வில்லை ஒன்றைக் கயிற்றிற் கோத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். மறுமுறை நாம் சென்றபோது கான்கிரீட் போட்டு முடிந்திருந்தது.

பூண்டியில் பேழையின் முன் நின்றபோது அதே நிறத்து ஓடுகளைக் கண்டோம். வாய்ப்பக்கம் கீழாகக் கவிழ்த்துச் சூளையில் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவப்பதால் இரு நிறம் அமைகிறது என்பதையும், இரும்பைக் கையாளத் தொடங்கிய கால முதல் சங்க காலம் வரையில் வழங்கிய பாண்டம் அது என்பதையும் பின்னர் அறிந்தோம். மேஸ்திரி கண்டது உறைகிணற்றின் வளையமா, சிறுவன் சுழற்றியது தக்களி வில்லையா? இனி யாராலும் சொல்ல முடியாது. ஓர் அங்கத்தினர் கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தால் மூன்று முறை கூட்டிப் பார்க்கும் நாம், ஓர் ஊரின் கணக்குப் புத்தகம் கண்முன் கிழிபட்டதைக் கவனியாது விட்டோம். அந்த மேஸ்திரி தம் கடமையைச் செய்தார், வந்து சொன்னார். சொன்னதைக் கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

சட்டம் கூறுவது

புதைபொருள் பற்றிய சட்டம் 1878-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுப்பவர், அது என்ன பொருள், எங்கே, எந்நாளில் கிடைத்தது என்பவற்றை எழுத்து மூலம் மாவட்டக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். மறைப்பவருக்கு ஓராண்டு வரையில் சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ‘சொன்னால் நிலத்தையே பிடுங்கிக்கொள்வார்கள்’ என்னும் அச்சம் கிராமங்களில் பரவியிருக்கிறது. இச்சட்டம் பேசுவது பொருளைப்பற்றியே. உரிமையாளர் இல்லாப் பொருள் என முடிவாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்கும் எனவும், அரசாங்கமே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு சேர்த்துக் கொடுக்கப்படும் எனவும் அது விதிக்கிறது. பானையோட்டுக்கும் கல்லுக்கும் விலை மதிப்பு இல்லையே எனலாம். சட்டத்தின் கட்டாயம் ஒருபுறம் இருக்க, அவற்றைத் தெரிவிப்பது நமது கடமை என்றே கொள்ள வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

அம்பத்தூரில் வயலாக இருந்தவை தொழிற்கூடங்களாயின. அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தானே மாநகராட்சியாயிற்று. வீட்டு மனைகளுக்கும், சாலைகளுக்கும், செங்கற் சூளைகளுக்கும் நாள்தோறும் மண் வெட்டப்படுகிறது. இவை வேண்டாமென்று எவரும் கூறார். நாமும் கிடங்கு கட்டத்தான் வேண்டும். ஃபூட்டின் கண்ணில் முதற் கருவி பட்டதும் இத்தகைய மண்குழியின் அருகேதான். ஆகவே, வெட்டும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வதே வேண்டுவது. இதற்காகச் சில யோசனைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது, சங்க நிலத்திலோ அங்கத்தினர் நிலத்திலோ கிணறு, அஸ்திவாரம், பண்ணைக்குட்டை ஆகியவற்றுக்கு மண் எடுக்கையில் பானையோட்டுக் குவியல், சுட்ட மண் வளையம், தாழி, செதுக்கிய கல், சாம்பற் படிவு ஆகியவை தென்பட்டால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தவேண்டும். பொருளைப் பெயர்த்தெடுக்கலாகாது, கழுவலாகாது.

இரண்டாவது, ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்பதையும் சர்வே எண்ணையும் தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். கிடந்த இடம் தெரிந்தால்தான் அது சாட்சியாகும் என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் அன்றே தெரிவித்து, அதன் நகலைச் சங்கத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டி அகழ்வைப்பகத்தாருக்கும் தெரிவிக்கலாம்.

நான்காவது, நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் கூட்டுறவு வார விழாவின்போது அங்கத்தினரின் பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துச் செல்லலாம். அகழ்வைப்பகத்தின் விடுமுறை நாளை முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம். குடியம் குகைகளுக்குச் செல்வோர் வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றிச் செல்லலாகாது. அத்திரம்பாக்கத்தில் தரையிற் கிடக்கும் எந்தக் கல்லையும் நினைவுப் பொருளாக எடுத்து வரலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாம் குறிப்பிட்ட ஊருக்கு அண்மையில் மீண்டும் சென்றிருந்தோம். கிடங்கின் பின்புறம் உலர்களம் ஒன்று அமைக்க நிர்வாகக் குழு கூடியிருந்தது. நடந்த தவறை அவர்களிடம் ஒளிக்காமல் கூறினோம். களத்துக்கு மண் வெட்டும் நாட்களில் குழு உறுப்பினர் ஒருவர் உடன் இருப்பதென்றும், ஓடு வந்தால் வேலையை நிறுத்தி அறிவிப்பதென்றும் தீர்மானம் எழுதினார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி. “எங்க அப்பா காலத்திலேயே அந்த மேட்டில் ஏர் ஓட்டினால் ஓடு வரும். யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை” என்றார். அவரைப் போன்ற முதியோர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் மேடுகளின் சர்வே எண்களைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்து வைக்குமாறு எல்லாச் சங்கங்களையும் வேண்டிக்கொள்கிறோம்.